லைசென்ஸ் என்று யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்

கேள்வி: பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்களின் 18 குழுக்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். மாதாமாதம் குழுவுக்கு இரண்டு ஸ்லைடு, மொத்தம் 36, அலுவலகக் கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எக்ஸெலில் இருந்து எடுத்து ஒட்டவே மூன்று நாள் போய்விடுகிறது. இன்ஜினியரிங் படிக்கும் என் அண்ணன் மகன் பைதான்-பிபிடிஎக்ஸ் என்று ஒன்றை வைத்து ஐந்து நிமிடத்தில் செய்து காட்டினான். டவுனில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவரோ, குழுக்கள் அதைப் பயன்படுத்த லைசென்ஸ் வேண்டும், 22,000 ரூபாய் கொடுத்தால் வாங்கித் தருகிறேன், பிறகு வருடத்துக்கு 4,000 என்கிறார். பையன் செய்த ஃபைலை அலுவலகத்தில் திறந்தால் சில ஸ்லைடில் தமிழ் எல்லாம் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது; சிலதில் எழுத்து கட்டத்தைவிட்டு வழிகிறது. லைசென்ஸ் இல்லாததால்தான் இப்படி என்கிறார். உண்மையா?

பதில்: இல்லை சகோதரி. லைசென்ஸுக்கும் எழுத்து கெட்டதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அந்த 22,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள்.

பைதான்-பிபிடிஎக்ஸ் என்பது பைதான் கணினி மொழியில் பவர்பாயிண்ட் ஸ்லைடு செய்ய உதவும் ஒரு திறந்த மூல நிரல் தொகுப்பு. எம்ஐடி உரிமம் என்ற எளிய உரிமத்தில் வெளியிட்டிருக்கிறார்கள். யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், அதை வைத்துத் தொழிலும் செய்யலாம், காசு கட்ட வேண்டாம். அந்தத் தொகுப்பையே பிரதி எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கும்போது அதிலுள்ள உரிமக் குறிப்பை அழிக்காமல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஆண்டுச் சந்தா, புதுப்பித்தல் என்று அதில் எதுவும் இல்லை.

அது செய்யும் வேலையும் மந்திரமல்ல. பவர்பாயிண்ட் 2007 முதல் வரும் பிபிடிஎக்ஸ் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. நகல் ஒன்று எடுத்து, பெயரின் கடைசியை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். ஒவ்வொரு ஸ்லைடும் தனித்தனி எழுத்துக் கோப்பாக உள்ளே கிடக்கும். இந்தத் தொகுப்பு அந்த மூட்டையைப் பிரித்து, உரிய இடத்தில் உங்கள் எடையையும் விலையையும் எழுதி, மறுபடி கட்டுகிறது. இதற்கு மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் தேவையில்லை. ஒருமுறை நிறுவிவிட்டால் நெட்டும் தேவையில்லை. திறந்து பார்க்க லிப்ரே ஆஃபீஸ் போதும், அதுவும் இலவசம்.

உழைப்புக்குக் கூலி கேட்டால் அது வேறு. ஒருவர் உட்கார்ந்து உங்கள் எக்ஸெலைப் பார்த்து, மாதிரி ஸ்லைடு வடிவமைத்து, நிரல் எழுதித் தந்தால் அவருக்குக் கூலி கொடுப்பது நியாயம். ஆனால் கூலிக்கு லைசென்ஸ் என்று பெயர் வைப்பது ஏமாற்று. சில வருடங்களுக்கு முன் கருவாட்டு வியாபாரிகள் சிலர் என்னிடம் ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்தார்கள். வருடா வருடம் பணம் கட்டியிருக்கிறார்கள். ஒரு வருடம் கட்டவில்லை என்றதும் பில் போடும் மென்பொருள் நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது முழுக்க இலவச நிரல். அதன்மேல் அந்த ஆள் சேர்த்தது தேதியைப் பார்த்து நிறுத்தும் நான்கு வரி. அந்த நான்கு வரிக்குத்தான் அத்தனை பேரும் வருடா வருடம் பணம் கட்டியிருக்கிறார்கள். கடலில் நாள் முழுக்க முக்குளித்துப் பாசி எடுத்து வரும் பெண்களின் பணத்தில் இது நடக்கக் கூடாது.

அதனால் யாரிடம் வேலை கொடுத்தாலும் மூன்று பொருளைக் கையில் வாங்குங்கள்: நிரல் ஃபைல், மாதிரி ஸ்லைடு ஃபைல், எந்தெந்தத் தொகுப்பின் எந்தப் பதிப்பு என்று எழுதிய தாள். பைதான்-பிபிடிஎக்ஸ் 2024-இல் 1.0 பதிப்புக்கு வந்தது, அந்த வரிசையே போதும். பிறகு அவர் கண் முன்னாலேயே வைஃபையை அணைத்துவிட்டு, இன்னொரு லேப்டாப்பில் ஓட்டச் சொல்லுங்கள். "அது என் சர்வரில்தான் ஓடும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். 36 ஸ்லைடுக்கு எதற்குச் சர்வர்?

இனி எழுத்துக்கு வருவோம். ஆங்கில எழுத்தாகத் தெரியும் ஸ்லைடுகள் எந்தக் குழுக்களுடையவை என்று பாருங்கள். பல வருடங்களுக்கு முன் டைப் செய்த பழைய எக்ஸெலில் இருந்து வந்தவையாகத்தான் இருக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், ஆங்கில 'கே' இருக்க வேண்டிய இடத்தில் 'ம' என்ற படத்தை வரைந்து வைத்திருப்பார்கள். உங்கள் கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அது என்றைக்குமே ஆங்கிலம். உங்கள் லேப்டாப்பில் பாமினி இருக்கிறது, தெரிந்தது. அலுவலகத்தில் இல்லை, வேஷம் கலைந்தது. ஃபைலோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்பும் வசதி இந்தத் தொகுப்பில் இல்லை.

தீர்வு, பழைய எழுத்துருவில் உள்ள பெயர்களை ஒருமுறை யூனிகோடுக்கு, அதாவது கணினியும் தமிழைத் தமிழாகவே அறியும் முறைக்கு, மாற்றிவிடுவது. இலவச மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு இடத்தில் மட்டும் கவனம். தமிழும் ஆங்கிலமும் ஒரே கட்டத்தில் கலந்து இருந்தால் மாற்றி இரண்டையும் சேர்த்து மாற்றிவிடும். கிலோவுக்கு ஆங்கிலத்தில் 'கேஜி' என்று போட்டிருந்தால் அது "மப" என்று வந்து நிற்கும். 'கே' இருந்த இடத்தில் ம, 'ஜி' இருந்த இடத்தில் ப. எண்களுக்கு ஆபத்தில்லை, ஆனால் ஊர்ச்சுருக்கம், வங்கிக் குறியீடு, உறுப்பினர் எண்ணுக்கு முன் வரும் ஆங்கில எழுத்து எல்லாம் கெடும். ஆகவே முழுத் தாளையும் அள்ளிப்போட்டு மாற்றாதீர்கள். குழுப் பெயர், ஆள் பெயர், பாசிப் பெயர் இருக்கும் பத்திகளை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒருவர் வாசிக்க இன்னொருவர் பழைய நோட்டோடு ஒத்துப் பாருங்கள். ஒரு சாயங்கால வேலைதான், ஆனால் இதைத் தவிர்க்க முடியாது.

யூனிகோடைத் தமிழ்நாடு அரசே 2010-இல் ஆணையிட்டு ஏற்றுக்கொண்டது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் பழைய எழுத்துருவில் அடித்த படிவத்தை அனுப்பி, இதிலேயே நிரப்பு என்று கேட்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. அவர்கள் செய்யாத வேலையை நீங்கள் ராத்திரி கண்விழித்துச் செய்கிறீர்கள். உங்கள் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். கேட்காமல் மாறவே மாறாது.

வழியும் எழுத்துக்குக் காரணம் வேறு. அண்ணன் மகன் நிரலில் எழுத்துருவின் பெயரைக் கொடுத்திருப்பான். அந்தக் கட்டளை ஆங்கில எழுத்துக்கு மட்டுமே போய்ச் சேரும். தமிழ் போன்ற எழுத்துகளுக்கு ஃபைலுக்குள் தனி இடம் உண்டு, அதை இந்தத் தொகுப்பு நேரடியாக நிரப்பாது. ஆகவே தமிழ் அந்தந்தக் கம்ப்யூட்டரில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு அகலம் மாறிவிடுகிறது. நிரலில் எழுத்துருவைச் சொல்லவே வேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள். பவர்பாயிண்டில் மாதிரி ஸ்லைடைத் திறந்து, எல்லா ஸ்லைடுக்கும் அச்சாக இருக்கும் ஸ்லைடு மாஸ்டரில் தமிழ் வரும் கட்டங்களுக்கு நிர்மலா யூஐ என்ற எழுத்துருவை வையுங்கள். விண்டோஸ் 8 முதல் அது கூடவே வருகிறது. கட்டத்தைத் தாராளமாக விடுங்கள். எழுத்தைத் தானாகச் சுருக்கும் வேலை பவர்பாயிண்டுடையது, அதுவும் யாராவது அந்தக் கட்டத்தில் கைவைத்தால்தான் நடக்கும்.

இடம் போதவில்லை என்று நிரலில் எழுத்தை எண்ணி வெட்டவும் விடாதீர்கள். மரிக்கொழுந்து என்ற பாசிப் பெயர் நமக்கு 7 எழுத்து, பைதானுக்கு 13. 'கொ' என்பதையே அது இரண்டாகத்தான் எண்ணும். பாதியில் வெட்டினால் கொம்பும் காலும் போய் வெறும் 'க' நிற்கும்.

இந்தத் தொகுப்பால் பிடிஎஃப் ஆக்க முடியாது, லிப்ரே ஆஃபீஸால் முடியும். 36 ஸ்லைடையும் பிடிஎஃப் ஆக்கி அதே பென்டிரைவில் போட்டு வையுங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே போய்விடும். முதல் மாதம் பழைய எக்ஸெல் குழு ஒன்று, புதியது ஒன்று, இரண்டை மட்டும் செய்து, கூட்டத்துக்கு முந்தின நாளே அலுவலகக் கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் கட்டத்துக்குள் சரியாக நின்றால் மீதி 16-ஐயும் ஓட்டச் சொல்லுங்கள்.