'வித்தவுட் பிரெஜுடிஸ்' எந்தக் கடிதத்தில் போடலாம்?

வணக்கம் ஐயா. தேவகோட்டைப் பூர்வீக வீட்டுப் பங்கு விஷயமாகப் பெரியப்பா மகனுக்கு அனுப்பும் எல்லாக் கடிதத்திலும் 'வித்தவுட் பிரெஜுடிஸ்' (என் உரிமைக்குப் பாதகமின்றி) என்று போடலாமா எனக் கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றிலும் வேண்டாம்.

அது சமரசப் பேச்சுக்கு உரியது. "முகப்பும் வளவும் (முற்றத்தைச் சுற்றிய பகுதி) பொதுவில் இருக்கட்டும், வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியை நீங்கள் எடுத்துக்கொண்டு எனக்குப் பணமாகத் தாருங்கள்" என்று விட்டுக்கொடுத்து எழுதுகிறீர்கள் அல்லவா, அந்தக் கடிதத்தின் தலைப்பில் போடுங்கள். பேச்சு முறிந்து வழக்கானாலும் 'இவரே சம்மதித்தார்' என்று அதை உங்களுக்கு எதிராக நீட்ட முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் இது 23ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய சாட்சிய அதினியத்தில் 21ஆவது பிரிவு. இது உரிமையியல் (சிவில்) வழக்குக்கு மட்டும்தான்.

தலைப்பில் அந்த வார்த்தை மட்டும் போதாது. உள்ளே உண்மையாகவே சமரசப் பேச்சு இருக்க வேண்டும். "இதைச் சான்றாகக் காட்டக் கூடாது என்ற நிபந்தனையுடன் எழுதுகிறேன்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சட்டம் கேட்பது அந்த நிபந்தனையை; இல்லையென்றால் இருவரும் அப்படி ஒப்புக்கொண்டது சூழ்நிலையிலிருந்தாவது தெரிய வேண்டும்.

ஆனால் தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் கழற்றி விற்காதே என்று எழுதும் கடிதத்தில் தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். தடையுத்தரவு கேட்கும்போது அதை நீங்களே நீதிமன்றத்தில் காட்ட வேண்டியிருக்கும். பாகப்பிரிவினை நோட்டீசும் அப்படித்தான். சமரசக் கடிதத்தையும் இவற்றையும் ஒரே தாளில் கலக்காமல் தனித்தனியாக அனுப்புங்கள்.

அப்புறம், பேசி முடித்துப் பத்திரம் எழுதும்போது அந்த வார்த்தை எங்கும் இருக்கக் கூடாது. வரைவை உங்கள் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.