மாமனார் இல்லாத வரன்

அன்புள்ள ஐயா,

என் தங்கைக்கு 31 வயது. மூல நட்சத்திரம். ஜாதகம் போகிற இடத்திலிருந்தெல்லாம் 'பெண் மூலம் நிர்மூலம்' என்று திரும்பி வருகிறது. மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது என்பதால் இப்போது அம்மா, மாமனார் இல்லாத வரனாகப் பார்க்கும்படி தரகரிடம் சொல்லியிருக்கிறார். எனக்கும் மூலம்தான். 'ஆண் மூலம் அரசாளும்' என்பதால் என் கல்யாணம் பத்துப் பொருத்தமும் பார்த்து நல்லபடியாக முடிந்தது. (கடன் வசூல் பிரிவில் வேலை.) எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் பெரியவர்களின் நம்பிக்கையைக் கேள்வி கேட்டுப் புண்படுத்தலாமா? அவரவர் நம்பிக்கை அவரவருக்கு என்று விடுவதுதானே நாகரிகம்?

கே., கரூர்

அன்புள்ள கே.,

அவரவர் நம்பிக்கை அவரவருக்குத்தான், அதற்கான விலையையும் அவரவரே கொடுக்கும்வரை. உங்கள் அம்மா வெள்ளிக்கிழமை நகம் வெட்டமாட்டார் என்றால் யாருக்கும் நட்டமில்லை. இங்கே நம்புகிறவர்கள் வேறு, காத்திருப்பது தங்கை.

தரகர் போனில், "பையனுக்கு அப்பா இல்லீங்க, மாரடைப்புல போயிட்டாரு" என்கிறார். கேட்டதும் உங்கள் அம்மாவுக்கு ஒரு நிம்மதி. தெருவில் ஒரு சாவு என்றால் முதலில் ஓடுகிறவராகத்தான் அவர் இருப்பார். அவரைத்தான் இந்த நம்பிக்கை இப்படி ஆக்கி வைத்திருக்கிறது.

விஷயம் மூலத்தோடு நிற்பதில்லை. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை கணவனின் அண்ணனுக்கு, விசாகம் தம்பிக்கு. 27 நட்சத்திரங்களில் நான்கு போயிற்று. சந்திரன் ஏறக்குறைய நாளுக்கொரு நட்சத்திரமாக நகர்வதால், பெண்களில் ஏழு பேருக்கு ஒருவர் இந்தப் பட்டியலில் விழுவார். மகனுக்குக் கல்யாணம் செய்கிற வயதில் பல அப்பாக்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் உண்டு. அடுத்த சில வருடங்களில் சிலர் போய்ச் சேர்வார்கள். மருமகள் ரோகிணி என்றால் 'அவர் காலம் அவ்வளவுதான்' என்பார்கள். மூலம் என்றால் பேச்சே வேறு. மூலத்து மருமகள் இருக்கும் வீட்டில் எண்பது வயதில் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வரும் மாமனார் யார் கணக்கிலும் வரமாட்டார். நீங்கள் அரசாளாமல் கடன் வசூலிப்பதும்தான் கணக்கில் வரவில்லை!

தப்பிக்க வழி ஜோதிடத்துக்குள்ளேயே இருக்கிறது. நட்சத்திரத்தின் நான்கு பாதங்களில் முதல் பாதத்துக்கு மட்டும்தான் தோஷம் என்பார்கள். பழமொழியே ஆண், பெண் என்றில்லாமல் 'ஆனி மூலம், பின் மூலம்' என்றுதான் இருந்தது என்பார்கள். பஞ்சாங்கத்தை மாற்றியும் பார்க்கலாம். 2023 சனிப்பெயர்ச்சி திருக்கணிதப் பஞ்சாங்கப்படி ஜனவரி 17, வாக்கியப் பஞ்சாங்கப்படி டிசம்பர் 20. நட்சத்திரம் மாறும் நேரமும் இரண்டிலும் ஒன்றாக இருக்காது. ஒன்றில் மூலமான குழந்தை இன்னொன்றில் கேட்டையாகிவிடலாம். அப்புறம் மாமனார் தப்பித்தார், மூத்த மைத்துனர் மாட்டினார். இதில் ஏதாவது உதவுமென்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் நம்பிக்கையைக் கேள்வி கேட்டுவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டுப் பெண் நகர்ந்துகொள்வாள், வேறொரு வீட்டுப் பெண் அங்கே நிற்பாள்.

அம்மாவிடம் விஞ்ஞானம் பேசப் போகாதீர்கள். சொந்தத்தில் எந்த மருமகளுக்கு என்ன நட்சத்திரம், எந்த மாமனார் எத்தனை வயதுவரை இருந்தார் என்று கேளுங்கள். அவருக்கு எல்லாம் மனப்பாடமாக இருக்கும். சொல்லச் சொல்ல அவருக்கே சில இடங்களில் இடிக்கும். இதில் புண்பட என்ன இருக்கிறது?

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். பெரிய நம்பிக்கை கிடையாது என்கிறீர்கள், சரி. உங்களுக்குப் பெண் பார்த்தபோது எத்தனை மூலமும் ஆயில்யமும் உங்கள் வீட்டிலிருந்து திரும்பிப் போயின? அன்று நீங்கள் வாய் திறக்கவில்லை என்றால், அந்தப் பெண்களைப் பொறுத்தவரை நீங்களும் அம்மாவும் ஒன்றுதான்.

இன்னொன்று. கடிதத்தில் தங்கையின் வயது இருக்கிறது, நட்சத்திரம் இருக்கிறது. அவர் என்ன சொல்கிறார் என்பது மட்டும் இல்லை. இப்படித் தேடுவது அவருக்குச் சம்மதமா, இப்போது கல்யாணம்தான் வேண்டுமா? அம்மாவிடம் பேசுவதற்கு முன்னால் அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.