புறாமலை போய்வந்ததும் போன் பைக்குள் தண்ணீர்: பை ஓட்டையா?

போனைப் போட்டுக் கடலுக்குக் கொண்டுபோகும் நீர்புகாப் பையை ஓட்டை என்று எறிந்துவிடாதீர்கள். உள்ளே முத்து முத்தாகத்தான் நீர் என்றால் அது பெரும்பாலும் கடல்நீர் இல்லை. புறாமலைத் தீவுக்குப் படகேறும் முன் நிலாவெளிக் கரையில் நின்று மூடும்போது ஈரக்காற்றும் சேர்ந்து அடைபட்டிருக்கும், வெயிலில் சூடான பை கடலில் பட்டுக் குளிர்ந்ததும் உள்பக்கம் வியர்த்திருக்கும்.

போனை எடுத்துவிட்டு டிஷ்யூ ஒன்றை மடித்து வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அரை மணித்தியாலம் மேலே கல் வைத்து அமுக்கிப் பாருங்கள். நனைந்தால் முதலில் மூடும் விளிம்பைத் தடவிப் பாருங்கள். என்னுடையதில் ஒரே ஒரு மணல் பருக்கைதான் சிக்கியிருந்தது, அதற்குள் புதுப் பையும் வாங்கிவிட்டேன்!

டிஷ்யூ காய்ந்திருந்தால் பை நல்லது. அடுத்த முறை அறையிலேயே காற்றை அழுத்தி வெளியேற்றி மூடிக்கொண்டு கிளம்புங்கள். அப்புறம், மணல் ஒட்டிய திரையைச் சட்டையால் துடைக்க வேண்டாம், கீறிவிடும், ஊதித் தட்டிவிடுங்கள்.

பைக்குள் இருந்த துளி உப்புக் கரித்தால் மட்டும் கதை வேறு. போனின் ஐபி68 (தூசி, நீர் புகாத் தரம்) சோதனை நன்னீரில் செய்வது, கடல்நீருக்கு அதை நம்ப முடியாது. போன் நன்றாகக் காயும்வரை சார்ஜ் போடாதீர்கள், அரிசிக்குள்ளும் புதைக்காதீர்கள், தூசியும் மாவும் துளைக்குள் போகும்.