குறியீட்டிய ஓவியங்களில் கடற்கன்னி ஏன் அடிக்கடி வருகிறாள்?

குறியீட்டியம் என்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் வளர்ந்த கலைப்போக்கு. கண்ணில் படுவதை அப்படியே வரையாமல், ஆசை, அச்சம், சாவு போன்ற உருவமில்லாதவற்றுக்கு உருவம் கொடுக்க அந்த ஓவியர்கள் முயன்றார்கள்.

சரி, அதற்குக் கடற்கன்னி எதற்கு? அவள் மேல்பாதி நமக்குத் தெரிந்த மனித உடம்பு, கீழ்ப்பாதி அந்நியம். கடலும் அப்படித்தான், பரப்பு தெரியும், ஆழம் தெரியாது. மனசும் அதே மாதிரி. ஆழமான கிணற்றை எட்டிப் பார்க்கும்போது பயமாகவும் இருக்கும், கண்ணை எடுக்கவும் முடியாது இல்லையா? அந்த உணர்வுக்குத்தான் அவள் முகம் ஆகிறாள்.

பிரிட்டன் ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் 1886இல் காட்சிக்கு வைத்த 'கடலின் ஆழங்கள்' ஓவியத்தைப் பாருங்கள். கடற்கன்னி ஒரு ஆணை இறுக அணைத்துக் கடலடிக்குக் கொண்டுபோகிறாள். அவன் ஏற்கெனவே மூழ்கி இறந்துவிட்டான். அவளோ நம்மை நேராகப் பார்த்துப் புன்னகைக்கிறாள். ரத்தமோ அலறலோ எதுவும் இல்லை. அந்த அமைதிதான் என்னை உலுக்குகிறது. சுவிட்சர்லாந்தின் ஆர்னால்ட் பாக்லின் 1883இல் வரைந்த 'அலைகளின் விளையாட்டில்' என்ற ஓவியம் இதற்கு நேர் எதிர், ஒரே ஆரவாரம்.

அப்புறம், கிரேக்கக் கதைகளில் பாட்டால் மாலுமிகளை மயக்கி அழிவுக்கு இழுக்கும் சைரன்களும் கடற்கன்னிகளும் ஒன்று எனப் பலர் நினைக்கிறார்கள். பழைய கிரேக்கக் கலையில் சைரன்கள் பறவை உடல் கொண்டவர்கள். பிரிட்டன் ஓவியர் வாட்டர்ஹவுஸ் 1891இல் வரைந்த 'யுலிசிஸும் சைரன்களும்' ஓவியத்திலும் அவர்களுக்குச் சிறகுகள்தான், மீன்வால் இல்லை.