நியூசிலாந்து போகலாம், ஆனால் பேராதனை வழியாக

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: உயர்தரத்தில் உயிரியல், நல்ல பெறுபேறு. நியூசிலாந்தில் சுற்றாடல் விஞ்ஞானம் படிக்க ஆசை. முகவர் உடனே பணம் கட்டச் சொல்கிறார், அப்பா கடன் வாங்கவும் தயார். போகலாமா?

போகலாம், தங்கச்சி. ஆனால் இப்போது வேண்டாம். கடனில் வேண்டவே வேண்டாம்.

அங்கே இளமாணிப் பட்டத்துக்கு வெளிநாட்டு மாணவர் ஆண்டுக்கு 30,000 நியூசிலாந்து டொலருக்கு மேல் கட்ட வேண்டும். வாழ்க்கைச் செலவுக்கு இன்னொரு 20,000 டொலர் இருப்பதாக விசாவுக்குக் காட்ட வேண்டும். கொழுந்துச் சம்பளத்தில் அடைக்கக்கூடிய கடனா இது? அதே நாட்டில் கலாநிதிப் பட்டம் படிக்கப் போனால், 2006 முதல் வெளிநாட்டவருக்கும் உள்ளூர்க் கட்டணம்தான். புலமைப்பரிசில் கிடைத்தால் அதையும் பெரும்பாலும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், செலவுக்கும் பணம் தருவார்கள்.

ஆகவே பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி இடம் கொடுத்தால் பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்குப் போங்கள். அங்கே படிப்புக் கட்டணம் இல்லை. மூன்று வருடத்தோடு நிறுத்தாமல் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் எடுங்கள். சொந்த ஆய்வு செய்து எழுதியிருக்கிறீர்களா என்றுதான் நியூசிலாந்துப் பேராசிரியர்கள் முதலில் பார்ப்பார்கள்.

நியூசிலாந்து நல்ல தெரிவுதான். ஹோட்டன் சமவெளியில் மஞ்சள் பூவோடு நிற்கும் உலெக்ஸ் முட்புதரைப் பார்த்திருப்பீர்கள். பூவை முகர்ந்தால் தேங்காய் வாசம். வெயில் ஏறினால் காய் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். அந்த விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும். வெள்ளைக்காரர் இங்கும் கொண்டுவந்தார்கள், அங்கேயும் வேலிக்கு நட்டார்கள். இங்கே நாம் வேரோடு பிடுங்கிக்கொண்டிருக்கிறோம். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகருக்குக் கிட்ட ஹினேவாய் காப்பகத்தில், 1987 முதல், தாவரவியலாளர் ஹியூ வில்சன் அதைப் பிடுங்காமல் விட்டார். புதரின் நிழலில் அந்த மண்ணின் மரங்கள் முளைத்து மேலே எழுந்தன. வெளிச்சம் கிடைக்காமல் புதர் தானாகச் செத்தது. சரி, புல்வெளி பரந்து கிடக்கும் நம் சமவெளிக்கு அது பொருந்துமா? மரம் அரிதான புல்வெளியில் நிழலுக்கு எங்கே போவது? இப்படி ஒரு கேள்வியோடு போகிறவரை அங்கே தேடி எடுப்பார்கள். ஹோட்டன் சமவெளித் தேசிய பூங்காவுக்குள் ஆய்வு செய்ய வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், அதை உங்கள் மேற்பார்வையாளர் மூலம் நேரத்தோடு கேளுங்கள்.

ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், பொதுவாக 6.5 போதும்.

பல்கலைக்கழகம் தொடங்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். லயத்துப் பீலியில் ஒரு வாளி நிறைய எத்தனை வினாடி? வாரம் ஒரு தடவை, ஒரே நேரத்தில், ஒரே வாளியால் பார்த்துக் கொப்பியில் திகதியோடு குறியுங்கள். அன்று மழையா, மேலே மரம் வெட்டினார்களா என்பதையும் எழுதுங்கள். அப்புறம் பேராசிரியர் ஒருவருக்கு முதல் மின்னஞ்சல் எழுதும்போது, "எனக்கு இயற்கை பிடிக்கும்" என்று தொடங்காமல் அந்தக் கொப்பியிலிருந்து தொடங்குங்கள்.