கருத்தடைக்காகக் கையில் பொருத்தும் ஹார்மோன் இம்பிளான்ட் நன்றாக வேலை செய்யுமா? பக்க விளைவுகள் அதிகமா?

பலனைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். ஆயிரம் பெண்கள் போட்டுக்கொண்டால், ஒரு வருடத்தில் ஒருவர் கருத்தரித்தாலே அதிகம். கருத்தடை மாத்திரையில், போட மறக்கும் நாட்களையும் சேர்த்தால், நூற்றுக்கு ஏழு பேர். இதில் மறப்பதற்கே இடமில்லை.

நானும் போட்டிருக்கிறேன். தீக்குச்சி மாதிரி ஒன்று, 4 செ.மீ. நீளம், 2 மி.மீ. தடிமன். கை மரத்துப்போக ஊசி போட்டு, மேல்கையின் உட்புறத் தோலுக்கு அடியில் வைப்பார்கள். தடவிப் பார்த்தால் விரலில் தட்டுப்படும், தட்டுப்படவும் வேண்டும். அதிலுள்ள 68 மி.கி. எட்டோனோஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, கருமுட்டை வெளிவருவதைத் தடுக்கிறது. மூன்று வருடம் தாராளமாகத் தாங்கும்.

உண்மையில் யோசிக்க வேண்டியது உதிரப்போக்கைப் பற்றித்தான். சுமார் ஐந்தில் ஒருவருக்கு பீரியட்ஸ் அடியோடு நின்றுவிடும். பலருக்கு எப்போதாவது வரும். இன்னும் சிலருக்கு நாள்கணக்கில் நிற்காமல், நாப்கினை எடுக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் சொட்டுச் சொட்டாகப் படும். எனக்கு முதல் சில மாதங்கள் அப்படித்தான். உடம்புக்கு ஆபத்து இல்லை, ஆனால் மனசு சலித்துப்போகும். யாருக்கு எப்படி வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. நூற்றில் பத்துப் பதினோரு பேர் இதற்காகவே எடுத்துவிடுகிறார்கள். "பொறுத்துப் போங்கள்" என்று உங்களிடம் யாராவது சொன்னால், பொறுப்பதும் எடுப்பதும் உங்கள் முடிவு. எப்போது கேட்டாலும் எடுத்துவிடுவார்களா என்பதைப் போடும் முன்பே கேட்டு வையுங்கள்.

தலைவலி, முகப்பரு, மார்பில் வலி, எடை கூடுவது, மனநிலை மாறுவது எல்லாம் சிலருக்கு வரும். மனச்சோர்வு கூடினால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் பேசுங்கள்.

மார்பகப் புற்றுநோய் இருந்தவர்களுக்கு இது கூடாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமாசெபின், ஃபெனிட்டாயின் போன்றவை இதன் பலனையே குறைத்துவிடும், அதனால் சாப்பிடும் மருந்துகள் அத்தனையையும் சொல்லிவிடுங்கள். பாலியல் நோய்களிலிருந்து இது காப்பாற்றாது, அதற்கு ஆணுறைதான்.

அப்புறம், எடுத்த சில வாரங்களிலேயே கருமுட்டை மறுபடி வெளிவர ஆரம்பித்துவிடும். குழந்தை வேண்டுமென்றால் நல்லது. வேண்டாமென்றால் எடுக்கிற அன்றே வேறு முறையைத் தொடங்கிவிட வேண்டும்.