டாக்கர் பற்றிக் கேளுங்கள், கோத்தகிரியிலிருந்து சொல்கிறேன்

ஹோம்ஸ்டேக்களுக்கும் சிறு தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் வெப் அப்ளிகேஷன் செய்து கொடுப்பது என் வேலை. அப்ளிகேஷனை அது ஓடத் தேவையானவற்றோடு சேர்த்துத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் ஏற்பாடு கன்டெய்னர்; அதைச் செய்துதரும் மென்பொருள் டாக்கர். இது பற்றிச் சேர்ந்துபோன கேள்விகளை இன்று மொத்தமாக எடுத்துக்கொண்டேன். வெளியே மழை. கரண்ட் இருக்கும்வரை பதில் உண்டு.

கூடலூர் மாணவி: அக்கா, கன்டெய்னரும் வர்ச்சுவல் மெஷினும் ஒன்றுதானே?

இல்லை. எஸ்டேட் பார்த்திருப்பாய். மேனேஜர் பங்களாவுக்குத் தனி அஸ்திவாரம், தனிக் கூரை, தனித் தண்ணீர்த் தொட்டி. வர்ச்சுவல் மெஷின், அதாவது கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர், அப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி). கன்டெய்னர் லயன் வீடு மாதிரி. நீளமாக ஒரே கூரை, ஆனால் வீட்டுக்கு ஒரு கதவு, ஒரு அடுப்பு. கூரைதான் லினக்ஸ் கெர்னல். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் மறைக்கிற சுவர் நேம்ஸ்பேஸ். "உனக்கு இத்தனை குடம்தான்" என்று மெமரியையும் சிபியுவையும் அளந்து விடுவது சிகுரூப். சிகுரூப் 2008லேயே கெர்னலுக்குள் வந்துவிட்டது. 2013இல் வந்த டாக்கர் இவற்றைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, இருந்ததை எல்லோர் கைக்கும் எட்டும்படி செய்தது. லயனின் குறையும் இதற்கு உண்டு: கூரை ஒழுகினால் எல்லா வீடும் நனையும்.

குன்னூர்: என் மேக்கில் ஓடுகிறது. சர்வரில் போட்டால் "எக்ஸெக் ஃபார்மட் எரர்".

புதிய மேக்கில் இருப்பது ஆர்ம் சிப். உங்கள் சர்வர் இன்டெல் வகையாக இருக்கும். மேட்டுப்பாளையம் வரை வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் பெட்டியைத் தூக்கி மலை ரயில் தண்டவாளத்தில் வைத்தால் ஓடுமா? பாதையின் அகலமே வேறு. பில்ட் செய்யும்போது, அதாவது இமேஜை (கன்டெய்னரை ஓட்ட எடுத்து வைக்கும் அச்சு) உருவாக்கும்போது, பிளாட்ஃபார்ம் என்ற இடத்தில் லினக்ஸ்/ஏஎம்டி64 (இன்டெல் வகைக்கும் இதே பெயர்தான்) என்று கொடுங்கள், போதும்.

ஊட்டி: நோட் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுவது) அப்ளிகேஷன், இமேஜ் 1.3 ஜிபி. ஒரு வரி மாற்றினாலும் முழுவதும் மறுபடி அப்லோட் ஆகிறது. மழை நாளில் அரை நாள் போய்விடுகிறது.

மலையில் இருப்பவர்களின் உண்மையான பிரச்சினை இதுதான். இமேஜ் அடுக்கடுக்காக இருக்கும். இமேஜை எப்படிச் செய்வது என்று எழுதும் டாக்கர்ஃபைலில் ஒரு அடுக்கு மாறினால் அதற்குக் கீழே எழுதியிருக்கும் எல்லா வரியும் புதிதாக ஓடும். மாறாத அடுக்கு சர்வரில் ஏற்கெனவே இருந்தால் திரும்ப அப்லோட் ஆகாது. நீங்கள் முதல் வேலையாக எல்லா ஃபைலையும் காப்பி செய்துவிட்டு அப்புறம் என்பிஎம் இன்ஸ்டால் (தேவையான லைப்ரரிகளை இறக்கும் கட்டளை) போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் இன்ஸ்டால் முழுக்க மறுபடி நடக்கும்.

முதலில் லைப்ரரிப் பட்டியல் இருக்கும் பேக்கேஜ் ஜேசனையும் லாக் ஃபைலையும் மட்டும் காப்பி செய்யுங்கள். அடுத்து இன்ஸ்டால். கடைசியாக உங்கள் கோடு. இனி கோடு மாறினால் கடைசி அடுக்கு மட்டும், சில எம்பி மட்டும் மலையிறங்கும். அடிப்படை இமேஜையும் ஸ்லிம் வகைக்கு மாற்றுங்கள், முழு நோட் இமேஜில் ஏறக்குறைய கால்வாசிதான் இருக்கும். இமேஜுக்குள் போகக்கூடாதவற்றைப் பட்டியலிடும் டாக்கர்இக்னோர் ஃபைலில் நோட் மாட்யூல்ஸ், கிட் ஃபோல்டர், என்வி ஃபைல் மூன்றையும் எழுதுங்கள். என்வி ஃபைலில் பாஸ்வேர்டு இருக்கிறது. ஒரு அடுக்கில் அது புகுந்துவிட்டால் அடுத்த அடுக்கில் அழித்தாலும் பழைய அடுக்கில் அப்படியே கிடக்கும்.

கேத்தி: கன்டெய்னரை நீக்கிவிட்டுப் புதிதாக ஓட்டினேன். டேட்டாபேஸ் காலி!

பெட்டிக்குள் டேட்டாவை வைக்காதீர்கள். பெட்டியை எப்போது வேண்டுமானாலும் தூக்கிப் போடலாம் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அழகே. தங்க வேண்டிய பொருள் வால்யூமில், அதாவது பெட்டிக்கு வெளியே டாக்கர் வைத்திருக்கும் சேமிப்பிடத்தில், இருக்க வேண்டும்.

ஆனால் பதறாதீர்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் அதிகாரப்பூர்வ இமேஜ் என்றால் பெயரில்லாத வால்யூம் ஒன்று தானாக உருவாகியிருக்கும். டாக்கர் வால்யூம் எல்எஸ் அடித்துப் பாருங்கள், நீளமான எண்ணும் எழுத்துமாக ஒன்று இருந்தால் உங்கள் டேட்டா பெரும்பாலும் அதற்குள்தான். அதைக் கண்டுபிடிக்கும்வரை பயன்படாதவற்றை அழிக்கும் ப்ரூன் என்ற சொல்லையே டைப் செய்யாதீர்கள்.

நானும் பட்டவள்தான். ஒரு ஏப்ரல் கடைசியில், பாதித் தூக்கத்தில், பல கன்டெய்னர்களைச் சேர்த்து நடத்தும் கம்போஸ் கருவியின் டவுன் கட்டளையோடு மைனஸ் வி சேர்த்து அடித்துவிட்டேன். மைனஸ் வி என்றால் வால்யூமையும் சேர்த்து அழி என்று பொருள். ஒரு ஹோம்ஸ்டேயின் மே மாதப் பதிவுகள் அத்தனையும் போயின. அந்த வீட்டு அம்மா எழுதி வைத்திருந்த தினத்தாள் காலண்டரைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினேன்.

கோத்தகிரி: கன்டெய்னர் ஓடுகிறது, பிரவுசரில் வரவில்லை.

உங்கள் அப்ளிகேஷன் பெரும்பாலும் 127.0.0.1இல், அதாவது பெட்டிக்கு உள்ளிருந்து வருவதை மட்டும், கேட்கிறது. வெளியிலிருந்து வருவதையும் கேட்கும்படி 0.0.0.0 என்று மாற்றுங்கள்.

குன்னூர்: ஆறு ரூம் உள்ள ஹோம்ஸ்டே. குபர்னெட்டிஸ் (பல சர்வர்களில் கன்டெய்னர்களை மேய்க்கும் கருவி) போடலாமா?

வேண்டாம்.

ஊட்டி: அப்டேட் செய்தால் விருந்தினர் ஏற்றிய போட்டோக்கள் காணாமல் போகின்றன.

கேத்திக்காரருக்குச் சொன்ன பதில். போட்டோவும் டேட்டாதான்.

வெலிங்டன்: ஒரு பைத்தான் அப்ளிகேஷனை ஏழு வருஷமாக சிஸ்டம்டியில் (லினக்ஸில் சர்வீஸ்களை ஓட்டிப் பார்த்துக்கொள்வது) ஓட்டுகிறேன். கிட் புல் அடித்துப் புதுக் கோடை இழுப்பேன், ரீஸ்டார்ட், முடிந்தது வேலை. நடுவில் இந்தப் பெட்டி எதற்கம்மா?

சார், ஒரு சர்வர், ஒரு அப்ளிகேஷன், பார்த்துக்கொள்ள நீங்கள். உங்கள் வழியே சரி. சிஸ்டம்டியும் உள்ளே சிகுரூப்பைத்தான் பயன்படுத்துகிறது, நாம் ஒன்றும் தூரத்துச் சொந்தமில்லை. என் கதை வேறு. ஒரே சர்வரில் பதினோரு வாடிக்கையாளர்கள். ஒருவருக்கு பிஎச்பி மொழியின் 7.4 பதிப்பு, இன்னொருவருக்கு 8.2. ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று படுத்துக்கொண்டது. பெட்டி போட்டபின் அந்தத் தொல்லை இல்லை.

வெலிங்டன்: 7.4க்கு ஆதரவு 2022 நவம்பரோடு முடிந்துவிட்டதே. அழுகலுக்கு மூடி போட்டு வைத்திருக்கிறாய்.

மறுக்க முடியவில்லை சார். பெட்டிக்குள் போட்டதும் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது, மறைந்தது மறந்தும்போகிறது. சர்வரில் ஆப்ட் அப்கிரேட் ஓட்டினாலும் இமேஜுக்குள் இருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் (என்க்ரிப்ஷன் லைப்ரரி) மாறாது. அதனால் மாதம் ஒருமுறை அடிப்படை இமேஜைப் புதிதாக இழுத்து எல்லாவற்றையும் திரும்ப பில்ட் செய்கிறேன். அந்த 7.4 வாடிக்கையாளரை மாற்றச் சொல்லி இரண்டு வருஷமாகக் கெஞ்சுகிறேன். "நல்லாத்தானே ஓடுது" என்கிறார்.

அரவேணு: யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் டேட்டாபேஸ் போர்ட்டான 5432ஐ மூடியிருக்கிறேன். வெளியிலிருந்து டேட்டாபேஸ் தெரிகிறதே, எப்படி?

நல்ல கேள்வி, இதில் பலர் மாட்டுகிறார்கள். போர்ட்டைத் திறக்கச் சொன்னால் டாக்கர், லினக்ஸின் பாக்கெட் விதிப் பட்டியலான ஐபிடேபிள்ஸில் தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்ளும். வருகிற பாக்கெட் யுஎஃப்டபிள்யூ நிற்கும் செக்போஸ்ட்டுக்கு வராமல் வேறு வழியாக கன்டெய்னருக்குப் போய்விடும். 5432:5432 என்று எழுதியிருப்பதை 127.0.0.1:5432:5432 என்று மாற்றுங்கள், அந்த சர்வருக்குள் மட்டும் தெரியும். அப்ளிகேஷனும் டேட்டாபேஸும் ஒரே கம்போஸ் ஃபைலில் இருந்தால் அந்த வரியே வேண்டாம், சர்வீஸ் பெயரைச் சொல்லியே ஒன்றையொன்று கூப்பிடும். பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள்.

கூடலூர்: அக்கா, கன்டெய்னரை ரீமூவ் பண்ணினேன், டேட்டா...

மேலே. கேத்தி. படிக்கவும்.

குன்னூர்: ஊட்டிக்கு இ-பாஸ் எப்படி எடுப்பது?

அது என் பெட்டியில் இல்லை. அரசு தளத்தில் பாருங்கள்.

வெலிங்டன்: எல்லோரையும் டேட்டா டேட்டா என்று மிரட்டுகிறாயே, உன் பேக்கப் எங்கே போகிறது?

தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு பிஜி டம்ப் (போஸ்ட்கிரெஸ் டேட்டாவை ஃபைலாக எடுப்பது) சார். வேறு ஊரில் இருக்கும் ஸ்டோரேஜுக்குப் போகிறது, ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரதி வீட்டு ஹார்ட் டிஸ்க்குக்கு.

வெலிங்டன்: அதை எடுத்துத் திரும்ப ஏற்றிப் பார்த்தது எப்போது?

பொங்கலுக்கு முன்னால் சார். ஒரே ஒரு வாடிக்கையாளருடையது.

மீதிக் கேள்விகள் நாளைக்கு. மற்ற பத்தையும் இன்று ராத்திரி ஏற்றிப் பார்க்கிறேன்.